மூன்று வகுப்பு, ஓர் அறை, ஓர் ஆசிரியை

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் கெலமங்கலம் ஒன்றியத்தில் உள்ள ஈராசிரியர் தொடக்கப் பள்ளி ஒன்றில் இந்த ஆண்டு பணியில் சேர்ந்திருக்கிறேன். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 23 பிள்ளைகள் ஒரே அறையில் என்னிடம் படிக்கிறார்கள். பாதிப் பேர் வீட்டில் பேசுவது தெலுங்கு. ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தினால் மற்ற இரண்டு வகுப்பும் கூச்சல் போடுகின்றன. அவர்களை அடக்கிவிட்டுத் திரும்பினால் நடத்திய பாடம் விட்டுப்போகிறது. மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும் என் தலையில் விழுகிறது. ஒரு நாளை எப்படி வகுத்துக்கொள்வது?
— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

கூச்சல்தான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று தெரிகிறது. நீங்கள் ஒரு குழுவோடு உட்காரும்போது மற்ற இரண்டு குழுக்களுக்கும் கையில் என்ன வேலை இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். பெரும்பாலும் அந்த நேரத்துக்கென்று நாம் வைத்திருக்கும் ஒரே ஏற்பாடு, ‘பலகையில் இருப்பதைப் பார்த்து எழுது’ என்பதுதான். பார்த்து எழுதுவதற்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டு முன்னால் இருப்பவளின் சடையை இழுக்கும். எழுத்துத் தெரியாத பிள்ளையோ எழுத்துகளைப் படமாக வரைந்தபடியே மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருக்கும். எனவே நாளைய வகுப்புக்காக இன்று நீங்கள் முக்கியமாகத் தயாரிக்க வேண்டியது, உங்கள் துணை இல்லாமல் இரண்டு குழுக்கள் தாமாகச் செய்து முடிக்கக்கூடிய வேலையைத்தான்.

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாளும் 800 மணி நேரக் கற்பித்தலும் வேண்டும் என்கிறது. அதாவது நாளொன்றுக்கு நான்கு மணி நேரம். அதை மூன்று குழுக்களுக்குப் பங்கிட்டால் ஒரு குழுவுக்கு 80 நிமிடம் வரும். எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டு, கேட்கும் கதை ஆகியவற்றுக்கான நேரத்தைக் கழித்தால் ஒரு மணி நேரம் தேறுவதே பெரிது. மீதி நேரத்தில் பிள்ளை தானாகப் படிக்க வேண்டும், அல்லது தோழனோடு சேர்ந்து படிக்க வேண்டும். அதற்கு வழியில்லாத வகுப்பில் அந்த இரண்டு மணி நேரம் வீணாகத்தான் போகும்.

2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் உங்களுக்கு இதில் பாதி வேலையை ஏற்கெனவே செய்து கொடுத்திருக்கிறது. பிள்ளைகளை வகுப்பு வாரியாகப் பிரிக்காமல் தொடக்க நிலையிலிருந்து மேல்நோக்கி அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலை உணவு முடிந்து தட்டைக் கழுவி வைத்த பிள்ளைகள் இறைவணக்கம் வரை சும்மா சுற்றுகிற நேரம் ஒன்று இருக்கும்; சொல்லட்டைப் பெட்டியையும் சிறு கதைப் புத்தகங்களையும் திண்ணையிலேயே வைத்துவிட்டால் அந்த நேரமும் வாசிப்புக்கு ஆகும். கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகைப் பதிவை முடித்தவுடன் கைப்பேசியை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். (இதைத் தலைமையாசிரியரிடமும் சொல்லிவைப்பது நல்லது.)

முற்பகலைத் தமிழுக்கும் கணக்குக்கும் கொடுங்கள். முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் ஒரு பாட்டு, பிறகு ஒரு படத்தைக் காட்டிப் பேச்சு. பிள்ளை தெலுங்கில் பதில் சொன்னால் சொல்லட்டும். அதையே நீங்கள் ஒரு தமிழ் வாக்கியமாகத் திருப்பிச் சொல்லி, எல்லோரையும் சொல்ல வையுங்கள். தெலுங்கு பேசாதே என்று கண்டித்தால் தமிழ் வருவதற்குப் பதிலாகப் பேச்சே நின்றுபோகும். உங்களுக்குத் தெலுங்கு வராது என்றால், இரண்டு மொழியும் தெரிந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உங்களுக்குப் போதுமான துணை.

அதன்பின் நீங்கள் முதலில் உட்கார வேண்டியது அரும்புக் குழுவோடு. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, ப, ட, ம, புள்ளி வைத்த ட், ம் ஆகிய ஐந்தை மட்டும் ஒவ்வோர் அட்டையில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். படம், மடம், பட்டம், மட்டம் என்று அடுக்கச் சொல்லி, அடுக்கியதை விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ‘டபம்’ என்று ஒரு பிள்ளை அடுக்கினால் தவறு என்று கலைத்துவிடாமல் அதையும் படிக்க வையுங்கள். அதைப் படித்துவிட்டு அது சிரித்தால் எழுத்து அதற்குப் பிடிபட்டுவிட்டது என்று பொருள். இதே நேரத்தில் மொட்டுக் குழு இருவர் இருவராக அமர்ந்து, பயிற்சி நூலின் ஒரு பத்தியை ஆளுக்கொரு வாக்கியமாக மாற்றி மாற்றிப் படிக்கட்டும். மலர்க் குழுவுக்கான வேலையை முந்திய நாள் மாலையே சொல்லிவிடுங்கள்: ஒரு படத்தைப் பார்த்து, எதையும் பார்த்து எழுதாமல், சொந்தமாக நான்கு வாக்கியம். அவர்களிடம் நீங்கள் போகும்போது திருத்தவும் பேசவும் ஏதாவது இருக்கும்.

கணக்கில் பொருள் கையில் இருந்தாக வேண்டும். நம் பக்கத்தில் புளியங்கொட்டைக்கும் குச்சிக்கும் பஞ்சமில்லை. 32இலிருந்து 17ஐக் கழி என்றால் 25 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. ஏழிலிருந்து இரண்டையும் மூன்றிலிருந்து ஒன்றையும் கழித்திருப்பார்கள். பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க முடியும் என்று அவர்களாகவே ஒரு விதி செய்துகொண்டதன் விளைவு இது. பலகையில் மறுபடி போட்டுக்காட்டிப் பயனில்லை. பத்துக் குச்சிகள் கொண்ட மூன்று கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் கொடுத்து, 17 குச்சி எனக்கு வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளை முதலில் கட்டு ஒன்றை எடுத்துத் தரும். ஏழுக்குத் தனிக் குச்சி போதாமல் விழிக்கும். பிறகு தானே இன்னொரு கட்டின் ரப்பரைக் கழற்றும். மீதியை எண்ணினால் 15. இதை மூன்று நான்கு முறை செய்தபின் எண்ணில் எழுதச் சொல்லுங்கள்.

அந்த மூன்றாம் வகுப்பு மாணவனுக்குக் கண்ணும் காதும் சரியாக இருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள். அதில் குறையில்லை என்றால், சிறு பிள்ளைகள் நடுவே அவனை நாள் முழுவதும் உட்கார வைக்காதீர்கள். அவன் காதுபட அவனை ‘அரும்பு’ என்று அழைக்கவே வேண்டாம். கணக்கில் அவன் மற்றவர்களுக்கு இணையாக இருக்கலாம், அங்கே மலர்க் குழுவில் இருக்கட்டும். வாசிப்புக்கு மட்டும் மதிய மணிக்கு முன் தனியாக ஒரு கால் மணி நேரம் கொடுங்கள். ஊர்ப் பேருந்தின் பெயர்ப்பலகை எது எங்கே போவது என்று அவனுக்கு உருவம் பார்த்தே தெரிந்திருக்கும், அதிலிருந்தே தொடங்குங்கள். முதலில் ‘தளி’, இரண்டே எழுத்து. அடுத்து ஓசூர், பாகலூர், அஞ்செட்டி. தேன்கனிக்கோட்டையை அவன் எழுத்துக் கூட்டிப் படிக்கிற நாளில் அவனிடமே ஒரு கதைப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

பிற்பகலில் கடினமான எதையும் வைக்காதீர்கள். உண்ட களைப்பில் இருக்கும் பிள்ளையிடம் புது எழுத்து ஏறாது. சூழ்நிலையியல், ஆங்கிலப் பேச்சு, கதை, ஓவியம் ஆகியவை அந்த நேரத்துக்குரியவை. பக்கத்துக் கேழ்வரகு வயல் வரை அழைத்துப்போய்த் திரும்பினால் அரும்புக் குழு கதிரை வரைந்து பெயர் எழுதலாம், மொட்டுக் குழு பார்த்தவற்றைப் பட்டியலிடலாம், மலர்க் குழு பயிரின் உயரத்தைச் சாணால் அளந்ததை எழுதலாம். வீட்டுக்கு அனுப்புமுன், அன்று எந்தப் பிள்ளை எதைத் துணையின்றிப் படித்தது என்பதை மட்டும் ஒரு நோட்டில் குறியுங்கள். நடத்திய பாடத்தின் பெயர் அதில் தேவையில்லை.

தலைமையாசிரியர் கூட்டத்துக்காக வட்டார வள மையத்துக்குப் போகும் நாளில் இந்த ஏற்பாடு நடக்காது, நடத்த முயலவும் வேண்டாம். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு சிறு பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு கதை படித்துக்காட்டட்டும். ஆனால் அவர்கள் கையில் குச்சியைக் கொடுத்துக் காவலுக்கு நிறுத்தாதீர்கள். அப்படிப்பட்ட நாளுக்கென்று புத்தகங்களும் கணக்குப் புதிர் அட்டைகளும் ஒரு பெட்டியில் எப்போதும் தயாராக இருக்கட்டும். கூட்டத் தேதியை முந்திய நாளே உங்களிடம் சொல்லும்படி தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது நீங்கள் கேட்டுப் பெறவேண்டிய ஒன்றுதான்.