இயற்கையா, செயற்கையா? இனிப்பூட்டிகள் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: என் கணவருக்குச் சில ஆண்டுகளாக நீரிழிவு இருக்கிறது. காபியிலும் தேநீரிலும் சுக்ரலோஸ் மாத்திரை போட்டுக்கொள்கிறார். அது ரசாயனம், ஸ்டீவியா இலையிலிருந்து வருவது, அதற்கு மாறிவிடுங்கள் என்று என் அண்ணி வற்புறுத்துகிறார். மாறுவதால் உண்மையில் நன்மை உண்டா?

பதில்: உங்கள் கணவரின் இரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டுமே மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படுபவை, குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலப்பவை அல்ல. ஆகவே அண்ணியின் வாதத்தில் எஞ்சுவது ‘இலையிலிருந்து வருவது’ என்ற ஒரே காரணம்தான். அதற்கு எவ்வளவு மதிப்புத் தரலாம் என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

ஸ்டீவியா தென் அமெரிக்காவின் பராகுவே பகுதிக்குரிய செடி. அங்குள்ள குவரானி மக்கள் அதன் இலையை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். ஆனால் இன்று பொட்டலத்தில் கிடைக்கும் வெள்ளைப் பொடி அந்த இலை அன்று. இலையை வெந்நீரில் ஊறவைத்து, சாற்றைப் பிசின் நிரப்பிய குழாய்களின் வழியே செலுத்தித் தூய்மைப்படுத்தி, ஆல்கஹாலைக் கொண்டு படிகமாக்கினால் கிடைக்கும் ஸ்டீவியால் கிளைக்கோசைடு என்ற பொருள்தான் அது. சர்க்கரையைப் போல 200 முதல் 300 மடங்கு இனிப்புடையது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008ஆம் ஆண்டு ஆட்சேபம் தெரிவிக்காமல் ஏற்றது இந்தத் தூய்மையாக்கப்பட்ட வடிவத்தைத்தான். முழு இலையையும் சுத்திகரிக்காத சாற்றையும் இனிப்பூட்டியாகச் சேர்க்க அது அனுமதிக்கவில்லை. இலையிலிருந்து எவ்வளவு தூரம் விலகியதோ அந்த அளவுக்குத்தான் அதன் மீது கட்டுப்பாட்டாளர்களுக்கு நம்பிக்கை பிறந்தது என்பது இதில் உள்ள வேடிக்கை. போதாததற்கு, ரெபாடியோசைடு எம் போன்ற சுவைமிக்க கிளைக்கோசைடு வகைகள் இலையில் மிகக் குறைவாகவே இருப்பதால், ஈஸ்ட் கொண்டு நொதிக்கவைத்தும் அவற்றைத் தயாரிக்கிறார்கள்.

சுக்ரலோஸின் பிறப்பு 1976ஆம் ஆண்டு லண்டனில் நிகழ்ந்தது. சாதாரணச் சர்க்கரையின் மூலக்கூறில் மூன்று இடங்களில் குளோரின் அணுக்களைப் பொருத்தியபோது அது சர்க்கரையைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனித்தது. உட்கொள்வதில் பெரும்பகுதி உடலால் உறிஞ்சப்படாமலேயே வெளியேறிவிடுகிறது. குளோரின் என்ற பெயரைக் கேட்டு அஞ்சுபவர்கள், சமையல் உப்பிலும் அதே தனிமம்தான் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளலாம். ஒரு தனிமம் எந்தச் சேர்மத்தில், எவ்வாறு பிணைந்திருக்கிறது என்பதே அதன் இயல்பைத் தீர்மானிக்கிறது.

ஓர் இனிப்பூட்டியை மதிப்பிடுபவர்கள் அதன் பிறப்பிடத்தைவிட அளவையே முதலில் கவனிக்கிறார்கள். விலங்குச் சோதனைகளில் தீங்கு எதுவும் தென்படாத மிக உயர்ந்த அளவைக் கண்டறிந்து, அதை வழக்கமாக நூறால் வகுத்து, ‘வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொள்ளத்தக்க அளவு’ என்று நிர்ணயிக்கிறார்கள். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் இணைந்து நடத்தும் வல்லுநர் குழு, ஒரு கிலோ உடல் எடைக்குச் சுக்ரலோஸுக்கு 15 மில்லிகிராமும், ஸ்டீவியாவுக்கு ஸ்டீவியால் (கிளைக்கோசைடின் அடிப்படைப் பகுதி) கணக்கில் 4 மில்லிகிராமும் வரம்பாக வைத்திருக்கிறது. ஸ்டீவியா அபாயமானது என்று இதற்குப் பொருளில்லை. இயற்கைப் பொருளுக்கும் வரம்பு உண்டு என்பதே பொருள். அதிமதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்க முழுக்க வேரிலிருந்து வரும் இனிப்பு அது. அதில் உள்ள கிளிசிரைசின் அளவு மீறினால் உடலின் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை உயர்த்திவிடும்.

ஆகவே சுவை பிடித்திருந்தால் மாறலாம், பிடிக்காவிட்டால் மாற வேண்டிய கட்டாயம் இல்லை. ஸ்டீவியாவில் சிலருக்கு நாக்கில் ஒரு கசப்பு தங்கும். மாறுவதானால் பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள்: ஒரு சிட்டிகை இனிப்பூட்டியை ஒரு கரண்டி அளவுக்குப் பெருக்கிக் காட்டுவதற்காக டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் ஆகியவற்றைச் சேர்ப்பதுண்டு, அவை இரண்டும் இரத்தச் சர்க்கரையை உயர்த்துபவை. ஒரு பொட்டலத்தால் பெரிய விளைவு இராது. நாளொன்றுக்குப் பத்துப் பொட்டலம் என்றால் கணக்கில் கொள்ள வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் இன்சுலினோ, சர்க்கரையை வெகுவாகக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவரானால், என்றேனும் சர்க்கரை தாழ்ந்து படபடப்பும் வியர்வையும் ஏற்படலாம். அந்த வேளையில் இனிப்பூட்டி எதுவும், இயற்கையானாலும் செயற்கையானாலும், பயன்படாது. குளுக்கோஸோ உண்மையான சர்க்கரையோ உடனே கொடுக்க வேண்டும். இனிப்பூட்டிக்கு முழுமையாக மாறிய வீடுகளில் அவசரத்துக்குச் சர்க்கரையே இல்லாமல் போவது உண்டு.

கேள்வி: அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே அறிவித்துவிட்டதாகப் படித்தேன். பிறகும் எப்படி விற்பனையில் இருக்கிறது?

பதில்: 2023 ஜூலையில் இரண்டு அறிவிப்புகள் ஒரே நாளில் வெளியாயின, பரவியது ஒன்று மட்டும். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, அஸ்பார்டேமை ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது. ஒரு பொருளுக்குப் புற்றுநோயுடன் தொடர்பு உண்டு என்பதற்கான சான்று எவ்வளவு வலுவானது என்பதை மட்டுமே இந்த வகைப்பாடு சொல்கிறது. எவ்வளவு உட்கொண்டால் எவ்வளவு ஆபத்து என்பதை அது அளப்பதில்லை. 2பி என்றால் வரம்புக்குட்பட்ட சான்று. கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில் இருக்கிறது.

ஆபத்தை அளக்கும் பணி முன்னர் குறிப்பிட்ட வல்லுநர் குழுவுடையது. அது அதே நாளில், ஏற்கெனவே இருந்த வரம்பான ஒரு கிலோ எடைக்கு 40 மில்லிகிராம் என்பதை மாற்றக் காரணமில்லை என்று அறிவித்தது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 2,400 மில்லிகிராம். சர்க்கரையில்லாக் குளிர்பானக் குப்பி ஒன்றில் 200 முதல் 300 மில்லிகிராம் அஸ்பார்டேம் இருக்கலாம் எனக் கொண்டால், அவர் ஒரே நாளில் எட்டுக் குப்பிகளுக்கு மேல் குடித்தால்தான் வரம்பை மீறுவார். அவ்வளவு குடிப்பவருக்கு என் அறிவுரை அஸ்பார்டேமைப் பற்றியதாக இராது.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 1970களில் எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டிகள் தோன்றியதால் சாக்கரின் என்ற செயற்கை இனிப்பூட்டியைத் தடைசெய்ய அமெரிக்கா முனைந்தது, பின்னர் எச்சரிக்கை வாசகத்தோடு விற்க அனுமதித்தது. எலிகளின் சிறுநீருக்கே உரிய தன்மையால் அந்தக் கட்டிகள் வந்தன, மனிதருக்கு அது பொருந்தாது என்று தெளிவான பிறகு, 2000ஆம் ஆண்டில் அந்த வாசகம் நீக்கப்பட்டது.

அஸ்பார்டேமைக் கட்டாயம் தவிர்க்க வேண்டியவர்கள் ஒரு பிரிவினர் உண்டு. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களின் உடலால், அஸ்பார்டேம் செரிக்கும்போது வெளிப்படும் ஃபீனைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தைக் கையாள முடியாது. பொட்டலங்களில் ‘ஃபீனைல்அலனைன் உள்ளது’ என்று அச்சிடுவது அவர்களுக்காகத்தான்.

கேள்வி: இந்தக் குழப்பமே வேண்டாம் என்று சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். சரிதானே?

பதில்: சர்க்கரையைக் குறைப்பது நோக்கமானால் சரியில்லை. தேனின் பெரும்பகுதி குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமே. 100 கிராம் தேனில் ஏறத்தாழ 300 கலோரி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ‘கட்டற்ற சர்க்கரை’ என்று கணக்கிட்டு, நாளின் மொத்தக் கலோரியில் பத்து விழுக்காட்டுக்குள் வைக்கச் சொல்வதில் தேனும் பழச்சாறும் பாகுகளும் அடங்கும். சுவைக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள், அளவைச் சர்க்கரையோடு சேர்த்தே எண்ணுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் அறவே கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் என்ற கடும் நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகளை எதிர்க்கும் வலு அந்தக் குடலுக்கு இல்லை.

கேள்வி: சர்க்கரையில்லாச் சாக்லெட் சாப்பிட்ட இரவெல்லாம் வயிறு பொருமிக் கழிகிறது. அதில் என்ன கலக்கிறார்கள்?

பதில்: பெரும்பாலும் மால்டிட்டால், சார்பிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள். பெயரில்தான் ஆல்கஹால், போதைக்கும் இதற்கும் தொடர்பில்லை. சிறுகுடலில் அரைகுறையாகவே உறிஞ்சப்படும் இவை பெருங்குடலுக்குள் நீரை இழுக்கின்றன. அங்குள்ள நுண்ணுயிரிகள் இவற்றை நொதிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. அளவைக் குறைத்தாலே பொருமல் குறையும்.

நீரிழிவு உள்ளவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். மால்டிட்டாலில் கிராமுக்கு ஏறத்தாழ 2 கலோரி உண்டு, சர்க்கரை அளவுக்கு இல்லாவிட்டாலும் இரத்தச் சர்க்கரையை அது உயர்த்தும். ‘சர்க்கரையில்லை’ என்ற எழுத்து மாவுச்சத்து இல்லை என்பதற்கு உறுதிமொழி அன்று.

எரித்ரிட்டால் இவற்றுள் மாறுபட்டது. பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் அப்படியே வெளியேறுவதால் வயிற்றுக்கு இதமானது, கலோரியும் மிகக் குறைவு. சில பழங்களில் இயல்பாகவே இருப்பதால் இயற்கை இனிப்பு என்றே விற்கப்படுகிறது. ஸ்டீவியாப் பொடிகள் பலவற்றில் எடைக்காகச் சேர்க்கப்படுவதும் இதுவே. ஆனால் 2023இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் ஆய்வாளர்கள், இரத்தத்தில் எரித்ரிட்டால் மிகுந்திருந்தவர்களிடையே மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் காணப்பட்டதாக வெளியிட்டார்கள். நம் உடலே சிறிதளவு எரித்ரிட்டாலைத் தயாரிப்பதால், அந்த மிகுதி உணவால் வந்ததா, நோயின் போக்கால் வந்ததா என்பதை அந்தப் புள்ளிவிவரம் தனித்துக் காட்டவில்லை. எனினும் இரத்தத் தட்டுகள் உறையும் தன்மையை எரித்ரிட்டால் கூட்டியதற்கான அறிகுறிகளும் சோதனையில் தென்பட்டன. இதய நோய் உள்ளவர்கள் அதைக் கரண்டிக் கணக்கில் உட்கொள்ளாமல் இருப்பதே விவேகம் என்பது என் கருத்து.

கேள்வி: உடல் எடையைக் குறைக்க எந்த இனிப்பூட்டி ஏற்றது?

பதில்: 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், எடைக் கட்டுப்பாட்டுக்கான வழியாகச் சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. அந்தப் பட்டியலில் சாக்கரின், சுக்ரலோஸ் ஆகியவற்றோடு ஸ்டீவியாவும் இருக்கிறது. இயற்கை என்பதற்காக அதற்கு விலக்குத் தரப்படவில்லை. குறுகிய காலச் சோதனைகளில் எடை சற்றுக் குறைந்தாலும், நீண்ட காலத்தில் அந்தப் பயன் நிலைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்பதே காரணம். நெடுங்கால ஆய்வுகள் சிலவற்றில் இனிப்பூட்டி உட்கொள்பவர்களிடையே நீரிழிவும் இதய நோயும் கூடுதலாகக் காணப்பட்டன. ஆனால் ஏற்கெனவே எடை கூடியவர்களே இனிப்பூட்டியை நாடுகிறார்கள் என்பதால் எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம். நிறுவனமும் இதை நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரை என்றே குறிப்பிட்டுள்ளது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்பதையும் முதல் கேள்வி கேட்ட வாசகிக்காகச் சேர்த்துக்கொள்கிறேன்.

நாள்தோறும் இனிப்புப் பானம் குடித்துப் பழகியவர் அதிலிருந்து விடுபடுவதற்கு இடைக்காலத் துணையாக ஓர் இனிப்பூட்டியைப் பயன்படுத்தினால் நான் குறை சொல்ல மாட்டேன். காபியில் மிச்சப்படுத்திய கலோரியைத் தின்பண்டத்தில் ஈடுகட்டிக்கொள்பவருக்கு எந்த இனிப்பூட்டியும் உதவாது.

கேள்வி: அடுப்பில் சூடாக்கும் பண்டங்களுக்கு எதைச் சேர்க்கலாம்?

பதில்: அஸ்பார்டேம் சூட்டில் சிதைந்து இனிப்பை இழந்துவிடும்; அடுப்பை அணைத்த பிறகு சேர்க்கலாம். ஸ்டீவியாவும் சாக்கரினும் வெப்பத்தைத் தாங்கும். சுக்ரலோஸும் தாங்கும் என்றே விளம்பரப்படுத்தப்படுகிறது. ஆனால் மிக உயர்ந்த வெப்பத்தில் அதிலிருந்து தீங்கான குளோரின் சேர்மங்கள் உருவாகக்கூடும் என்பதால், பேக்கிங் செய்து முடித்த பிறகே அதைச் சேர்க்கும்படி ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. இனிப்பு மட்டும் போதாது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். கேக்குக்குப் பருமனையும் ஈரத்தையும் பொன்னிறத்தையும் தருவது சர்க்கரையே. அதை முழுவதும் நீக்காமல் பாதியாகக் குறைத்து, மீதியை இனிப்பூட்டியால் நிரப்பினால் ஏமாற்றம் குறைவு.

கேள்வி: சைலிட்டால் என்ற இனிப்பூட்டி மரத்திலிருந்து எடுக்கப்படுவது என்பதால் எங்கள் வளர்ப்பு நாய்க்கும் அந்த மிட்டாயைக் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. மனிதருக்குப் பல்சொத்தையைத் தவிர்க்க உதவும் அதே சைலிட்டால், நாயின் உடலில் இன்சுலினைத் திடீரெனச் சுரக்கச் செய்து இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடும், ஈரலையும் பாதிக்கும். தவறித் தின்றுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். மிட்டாயின் உறையையும் எடுத்துச் சென்றால், எவ்வளவு உட்சென்றிருக்கும் என்று அவர் கணக்கிட உதவும்.