கதவு தட்டினால் பயம் வருமா?

கேள்வி: பேயையே காட்டாத பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைத் தூக்கிப் பிடிக்கிறீர்களே! உங்கள் பேச்சைக் கேட்டு 'தி இன்னொசென்ட்ஸ்' படத்தை ஊருக்குப் போகும் பஸ்ஸில் செல்போனில் பார்த்தேன். தூக்கம்தான் வந்தது. இன்றைய கிராபிக்ஸுக்கு முன்னால் இதெல்லாம் எம்மாத்திரம்? யாரோ கதவைத் தட்டினால் பயம் வந்துவிடுமா?

பதில்: தட்டுவது யார் என்று காட்டாதவரை வரும்.

ராபர்ட் வைஸ் 1963இல் எடுத்த 'தி ஹாண்டிங்' படத்தில் கடைசிவரை பேயின் நகம்கூடக் கண்ணில் படாது. ஓர் அறைக்குள் நான்கு பேர். வெளியே தொம், தொம் என்று ஏதோ நெருங்குகிறது. மூடிய கதவு உள்பக்கமாகப் புடைக்கிறது; மூச்சு விட்டதுபோல் தணிகிறது; மறுபடி புடைக்கிறது. செலவு என்ன? அடுக்கடுக்காக ஒட்டிய பலகைக் கதவு, பின்னால் நின்று அழுத்த ஓர் ஆள். அதே இடத்தில் கிராபிக்ஸ் கை ஒன்று கதவைப் பிளந்து வந்திருந்தால், வந்தது எவ்வளவு பெரிசு என்று தெரிந்துபோயிருக்கும். அளவு தெரிந்ததை அடிக்க உலக்கையைத் தேடலாம். புடைக்கும் கதவை என்ன செய்வீர்கள்?

இப்போது நீங்கள் தூங்கிய படத்துக்கு வருவோம். 1961இல் ஜாக் கிளேட்டன் எடுத்தது. அதில் ஏரிக்கு அக்கரையில், நாணல் நடுவே, கறுப்பு உடையில் ஒரு பெண் நிற்கிறாள். பட்டப்பகல். அவள் அசைவதில்லை, முகமும் சரியாகத் தெரிவதில்லை. கேமரா அவளிடம் ஓடியிருந்தால் மேக்கப் தெரியும், காட்சி அதோடு காலி. தூரத்தில் விட்டதால்தான் நம் கண் தானாகப் போய்த் துழாவுகிறது.

எளிமை என்றால் சுலபம் என்று நினைக்க வேண்டாம். இந்தப் படம் சினிமாஸ்கோப் என்ற அகலத் திரைக்காக எடுத்தது. அந்த அகலம் இந்தக் கதைக்கு ஆகாது. இரண்டு பக்கமும் சும்மா கிடக்கும். ஒளிப்பதிவாளர் ஃபிரெட்டி பிரான்சிஸ் லென்ஸ் ஃபில்டர்களில் கையால் வண்ணம் தீட்டி, காட்சியின் ஓரங்களை இருட்டாக்கினார். பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒருசேரத் துல்லியமாக விழ லென்ஸ் துளையைச் சுருக்க வேண்டும். அதற்கு வெளிச்சம் ஏராளமாக வேண்டும். ஆனால் பார்ப்பவருக்கு அது மெழுகுவர்த்தி வெளிச்சமாகத் தோன்ற வேண்டும். அதனால் நாலைந்து திரிகளை முறுக்கிப் பிரத்யேக மெழுகுவர்த்திகளே செய்ய வைத்தார்.

சத்தத்திலும் இதே கணக்குதான். முதல் ரீலிலிருந்து பின்னணி இசை முழங்கினால் தாழ்ப்பாள் கிறீச்சிடுவது யார் காதில் விழும்? சட்டென்று 'டமார்' போட்டால் உடம்பு தூக்கிவாரிப் போடுவது உண்மை. தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரர் தும்மினாலும் அப்படித்தான் போடும். நாலாவது டமாருக்கு அதுவும் மரத்துவிடும்.

நம்மூர்ப் பேய்ப் படங்களில் பெரும்பாலானவை சறுக்கும் இடம் வேறு: இடைவேளைக்குப் பின் வரும் ஃபிளாஷ்பேக். பேயைக் கெடுத்தவன் யார், எரித்தவன் யார் என்று தெரிந்ததும் நாம் பேயின் கட்சிக்குப் போய்விடுகிறோம். விசிலடித்த பிறகு அதனிடம் பயம் ஏது? பழிவாங்கும் கதையாக அது நன்றாகவே ஓடலாம். அது வேறு சரக்கு.

கடைசியாக அந்த பஸ் சமாச்சாரம். ஓரத்து இருட்டிலும் தூரத்து உருவத்திலும் வேலை செய்திருக்கும் படத்தை ஆறு அங்குலத் திரையில், ஜன்னல் வெயிலில் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் கறுப்பில் உங்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்கள் முகமாகத்தான் இருந்திருக்கும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, பெரிய திரையில் இன்னொரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள்.