மேப்ல குத்தின பின் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: பைக்ல சுத்துறவங்களுக்காக ஒரு சின்ன ஆப் பண்ணியிருக்கேன் சார், ராத்திரில திறந்திருக்கிற பஞ்சர் கடை எங்க இருக்குன்னு யூசர்ஸே மேப்ல பின் குத்தி வைப்பாங்க, இப்ப ஏகப்பட்ட கடை சேர்ந்துடுச்சு. மொத்தத்தையும், யார் வேணா சேத்து எடிட் பண்ணக்கூடிய இலவச மேப்பான ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்கு சும்மாவே குடுத்துடலாம்னு பாக்குறேன். லைசென்ஸ் பிரச்சனை வரும்னு ஃப்ரெண்டு பயமுறுத்துறான், நிஜமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: உங்க ஃப்ரெண்டுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க. சும்மா குடுக்குறதுக்கு என்ன லைசென்ஸுன்னு நெனைக்கிறோம்ல, அங்கதான் இடிக்குது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல அக்கவுன்ட் தொடங்கும்போதே, நான் போடுற டேட்டாவை போட எனக்கு உரிமை இருக்குன்னு நீங்க ஒத்துக்கிறீங்க, குடுத்த அனுமதியை அப்புறம் திருப்பி வாங்கவும் முடியாது. ஆனா கடையைக் குத்தினது நீங்க இல்லையே, யூசர். அவர் ஓகே சொன்னது உங்க ஆப்ல காட்டுறதுக்கு மட்டும்தான். அங்க 2012 செப்டம்பர்லேர்ந்து ஓடிபிஎல்-ங்கிற லைசென்ஸ், அதுல பேரு போட்டுட்டு யார் வேணா காசுக்குக்கூட விக்கலாம், டேட்டாபேஸை மாத்தி வெளியிட்டா அதையும் இதே லைசென்ஸ்ல விடணும். அந்த லைசென்ஸுக்கு மாறினப்ப ஒத்துக்காதவங்க வரைஞ்ச ரோடெல்லாம் மேப்லேர்ந்தே தூக்கிட்டாங்க, அவ்ளோ கறார்.

உங்க லெட்டர்ல இல்லாத விஷயம் ஒண்ணு, இதைவிடப் பெருசு. யூசர் குத்துறப்ப ஸ்க்ரீன்ல பின்னாடி இருந்தது யாரோட மேப்? கூகுளோடதுன்னா சிக்கல்தான். கூகுள் மேப்ல தெரியுற பெட்ரோல் பங்க்கைப் பாத்து, அதுலேர்ந்து ரெண்டு கடை தள்ளின்னு ஒருத்தர் விரலால பின்னை இழுத்து விட்டிருப்பார், அப்ப அந்த இடமே கூகுளைப் பாத்து வந்தது, அதை ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல ஏத்தவே கூடாது. கடை வாசல்ல நின்னு 'நான் இங்க இருக்கேன்' பட்டனை அமுக்கி ஜிபிஎஸ்ல பதிஞ்சதுன்னா அது வேற கதை. இந்த ரெண்டையும் உங்க டேபிள்ல பிரிச்சு வெச்சிருக்கீங்களா? பொதுவா லாட், லாங்னு அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் ரெண்டு கட்டம்தான் இருக்கும், எப்படி வந்துச்சுன்னு யாரும் எழுதி வைக்கிறதில்ல.

இனிமே வர்றதுக்கு வழி ஈஸி. ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்கு விவரம் சேக்குற ஸ்ட்ரீட்கம்ப்ளீட் ஆப் மாதிரி யூசரையே அவரோட சொந்த ஓபன்ஸ்ட்ரீட்மேப் அக்கவுன்ட்ல லாகின் பண்ண வெச்சுடுங்க, கூடவே பின்னாடி தெரியுற மேப்பையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்கே மாத்திடுங்க. பழசுல ஜிபிஎஸ்ல வந்ததுன்னு தெரிஞ்சத மட்டும் எடுத்து, குத்தினவங்ககிட்ட பாப்அப்ல கேளுங்க, பதில் சொல்லாதவங்களோடத விட்டுடுங்க. ஓகே சொல்லி மிஞ்சினதையும் ராத்திரியோட ராத்திரியா கொட்டிடாதீங்க சாமி, மொத்தமா இம்போர்ட் பண்றதுன்னா முதல்ல அங்க இருக்கிற மேப்பர்ஸ்கிட்ட பேசணும், தனி அக்கவுன்ட் வெச்சுக்கணும். குத்தினவர் பேரு, எத்தனை மணிக்கு எங்க இருந்தார்ங்கிறதெல்லாம் கூடப் போகவே கூடாது, ஒரு தடவை ஏறிட்டா நீங்க டெலீட் பண்ணாலும் ஹிஸ்டரில நிக்கும்.

இதெல்லாம் கழிச்சா பத்து கடைதான் மிஞ்சுதுன்னா, வண்டியை எடுத்துட்டு ராத்திரில ஒரு ரவுண்டு போய் நீங்களே வாசல்ல நின்னு குத்துங்க, எப்படியும் அதுல நாலஞ்சு மூடியிருக்கும்.