இலை பொறுக்குவதும் படிப்பா?

அன்புள்ள தம்பிக்கு,

மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடியில் இருந்து எழுதுகிறேன். ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வுபெற்றவள். மகள் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறாள், அவளுடைய பிள்ளை இந்த செப்டெம்பரில் முதலாம் வகுப்புக்குப் போயிருக்கிறாள். பள்ளிக்கூடம் போக முதல், அங்கத்தைய நேரம் காலை ஏழரைக்கு, வீடியோவில் வருவாள். எனக்கு அப்போது பின்னேரம் ஐந்து மணி. "நேற்று என்ன புள்ள படிச்ச?" என்று கேட்டால் ஒருநாள் இலை பொறுக்கினோம் என்கிறாள், ஒருநாள் எல்லாரும் தோடம்பழ நிறச் சட்டை போட்டுக்கொண்டு போனோம் என்கிறாள், இன்னொரு நாள் ஓடினோமாம். போன கிழமை ஒரு முழு நாளும் பூசணிக்காய் வெட்டியிருக்கிறார்கள் தம்பி, கறி வைக்கக்கூட இல்லை! வீட்டுவேலை என்று ஒன்றுமே கிடையாது.

இங்கே மகனுடைய பிள்ளை தரம் 2. பின்னேரம் ரியூசன், இரவில் இரண்டு பக்கம் எழுத்து. மகளிடம் சொன்னால் சிரிக்கிறாள். இதெல்லாம் படிப்பா? இப்படியே போனால் பேத்தி பின்தங்கிவிட மாட்டாளா? தளத்தில் போடலாம், பெயர் மட்டும் வேண்டாம்.

*

அன்புள்ள ரீச்சர்,

பின்தங்க மாட்டாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை ஆறுதலாகப் பேசலாம். அக்காவின் மகள் ரொறன்ரோப் பக்கம் சின்ன வகுப்புகளுக்குத்தான் படிப்பிக்கிறாள், நீங்கள் கேட்டதையெல்லாம் நானும் அவளிடம் கேட்டுச் சண்டை பிடித்திருக்கிறேன், அதனால் ஓரளவு தைரியமாகப் பேசுகிறேன்.

பூசணியில் தொடங்குவோம், உங்களுக்கு அதில்தான் கூடக் கோபம் போலிருக்கிறது. வெட்டுவதற்கு முதல் அந்தக் காயைச் சுற்றிக் கட்ட எவ்வளவு நூல் வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளையும் கண்மதிப்பில் ஒரு துண்டு வெட்ட வேண்டும். ஒருவனுடைய நூல் பாதிக்கும் வராது, இன்னொருத்தியுடையது இரண்டு சுற்று வரும், வகுப்பே சிரிக்கும். பிறகு பெரிய வாளியில் தண்ணீர் வைத்து, இது தாழுமா மிதக்குமா என்று கையை உயர்த்தச் சொல்வார்கள். அவ்வளவு பாரமான காய் தாழும் என்றுதான் அநேகமான பிள்ளைகள் சொல்லும், போட்டால் மிதக்கும், உள்ளே பாதி வெறும் வெளிதானே. அதற்குப் பிறகுதான் வெட்டு. கையை விட்டு வழுவழுவென்று விதையை அள்ளி, கழுவி, பேப்பரில் பரப்பி, எத்தனை இருக்கும் என்று முதலில் ஊகித்து எழுதிவைத்துவிட்டு எண்ணத் தொடங்கினால் நாற்பது ஐம்பதோடு எண்ணிக்கை குழம்பிவிடும். குழம்ப வேண்டும், அதற்குத்தான் இந்தப் பாடு. அப்போதுதான் பத்துப் பத்தாகக் குவி என்று ரீச்சர் சொல்வாள். பத்துக் குவியல் சேர்ந்தால் நூறு. நீங்கள் ஈர்க்கை ஒடித்துப் பத்துப் பத்தாகக் கட்டிப் படிப்பித்த இடப்பெறுமானம்தான் ரீச்சர், ஈர்க்குக்குப் பதில் விதை, அவ்வளவுதான். கறி வைக்காதது எனக்கும் கவலைதான்.

இனி இலை. ஒன்ராறியோவின் முதலாம் வகுப்பு விஞ்ஞானத்தில் நாளாந்த மாற்றங்களும் பருவகால மாற்றங்களும் ஒரு தனிப் பகுதியாகவே இருக்கிறது, பொறுக்கிய இலையை விளிம்பு பார்த்து, நிறம் பார்த்து, அளவு பார்த்துப் பிரித்து அடுக்குவது அதில் ஒரு வேலை. ஆனால் இந்தப் பாடத்தில் பெரிய பங்கு உங்கள் போனிலேயே நடந்துகொண்டிருக்கிறது, கவனித்தீர்களோ தெரியாது. செப்டெம்பர் தொடக்கத்தில் பேத்தி ஏழரைக்கு வந்தபோது அவளுக்குப் பின்னால் இருக்கிற ஜன்னல் நல்ல வெளிச்சமாக இருந்திருக்கும். ஒக்டோபர் கடைசியில் அதே ஏழரைக்கு அந்த ஜன்னல் மங்கிக் கிடக்கும், வீட்டுக்குள் லைற் எரியும், ஏனென்றால் அப்போது அங்கே சூரியன் எழும்ப ஏழே முக்கால் ஆகிவிடும். ஜூனில் 15 மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிற பகல் டிசம்பரில் 9 மணித்தியாலத்துக்கு வந்துவிடுகிற ஊர் அது. நமக்கு ஜூனுக்கும் டிசம்பருக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசம் வராது. மட்டக்களப்பு பூமத்திய ரேகையில் இருந்து 8 பாகைக்குள் கிடக்கிறது, ரொறன்ரோ 43 பாகையையும் தாண்டி மேலே.

பகல் இப்படிச் சுருங்குவதையும் கூடவே வருகிற குளிரையும் உணர்ந்துதான் மேப்பிள் மரம் கடையைக் கட்டத் தொடங்குகிறது. இலையில் இருக்கிற பச்சையம் சிதைந்துபோக, அதுவரை அதற்குப் பின்னால் மறைந்து கிடந்த மஞ்சள் வெளியே தெரியும். சிவப்பு அப்படி இல்லை, அது மறைந்திருந்த நிறம் இல்லை, அந்தோசயனின் என்று ஒரு நிறப்பொருளை இலை அந்த நாட்களில்தான் புதிதாக உண்டாக்குகிறது. காம்பின் அடியில் ஒரு படை உருவாகி வழியை அடைத்துவிட, இலை தானாகக் கழன்று விழும். இதையெல்லாம் ஆறு வயதுப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பார்க்கப் பழக்குகிறார்கள், காரணம் பிறகு வரும்.

நவம்பர் முதல் ஞாயிறு அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவார்கள். அதோடு பேத்தி ஐந்துக்கு வரமாட்டாள், ஆறு மணிக்குத்தான் வருவாள். நீங்கள் விளக்கு வைத்துவிட்டு இருப்பீர்கள், அவளுடைய ஜன்னல் திரும்ப வெளிச்சமாகி இருக்கும். ஏன் புள்ள இப்படி என்று அவளிடமே கேட்டுப் பாருங்கள், ரீச்சர் தோரணையில் இல்லாமல், ஒன்றும் தெரியாத அம்மம்மாவாக. உங்கட மரம் எப்ப சிவக்கும் என்று அவள் திருப்பிக் கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது. பள்ளிக்கூட வளவுகளிலும் கடற்கரையிலும் நிற்கிற வாதுமையில் ஒன்றிரண்டு இலை நல்ல இரத்தச் சிவப்பாகி விழுந்து கிடக்கும், ஒன்றை எடுத்துக் கமெராவுக்கு நேரே பிடியுங்கள். பகல் குறைந்ததால் சிவந்த இலை இல்லை அது என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

தோடம்பழ நிறச் சட்டையை நீங்கள் விளையாட்டாக எடுத்துக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன், அது விளையாட்டே இல்லை. செப்டெம்பர் 30இல் ஒரு பழைய அநியாயத்தை நினைத்து அதைப் போடுகிறார்கள். பிலிஸ் வெப்ஸ்டாட் என்கிற பூர்வகுடிப் பெண்ணை 1973இல், அவருக்கு ஆறு வயதாக இருக்கும்போது, பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று நடத்திய விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அம்மம்மா ஆசையாக வாங்கிக் கொடுத்த தோடம்பழ நிறச் சட்டையோடு போன பிள்ளை. முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துவிட்டார்கள், திருப்பிக் கொடுக்கவே இல்லை. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை அப்படி வீட்டில் இருந்து பிரித்துக்கொண்டுபோய், தாய்மொழி பேசினால் தண்டித்த பள்ளிக்கூடங்கள் அவை, 1990கள் வரைக்கும் நடந்தன. அரசாங்கம் செய்த பிழையை அரசாங்கப் பள்ளிக்கூடத்திலேயே, அதுவும் முதலாம் வகுப்பில், பிள்ளையின் வயதுக்குத் தக்கபடி சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் எதையெல்லாம் வாய் திறக்காமல் தாண்டிப் போகிறோம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஓடினது ரெறி ஃபொக்ஸ் நினைவாக. புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்கக் கனடாவைக் குறுக்கே ஓடிக் கடக்கவென்று கிளம்பி, செயற்கைக் காலோடு 1980இல் 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடினார், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதி வழியில் நிறுத்தவேண்டி வந்தது. பிறகு ஒக்டோபர் இரண்டாம் திங்கள் நன்றிநவிலல் விடுமுறை, நவம்பர் 11இல் போரில் இறந்தவர்களுக்காகச் சிவப்புப் பொப்பிப்பூ. ஒக்டோபர் கடைசியில் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள், அதில் படிப்பு ஒன்றும் இல்லை, இனிப்புத்தான். அதையும் படிப்பு என்று வாதாட நான் வரவில்லை.

ஆனால் ரீச்சர், உங்கள் பயத்தில் நியாயமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். வாசிப்பு விஷயத்தில் இதே பயம் அங்கேயும் இருந்தது. படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகி என்கிற மாதிரி வாசிப்புப் படிப்பித்ததால் நிறையப் பிள்ளைகள் வாசிக்கத் தெரியாமலே மேலே போகிறார்கள் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழுவே 2022இல் பெரிய அறிக்கை ஒன்று வெளியிட்டது, அடுத்த வருடம் மொழிப் பாடத்திட்டத்தை மாற்றி எழுத்தையும் ஒலியையும் ஒழுங்காகப் படிப்பிக்கச் சொன்னார்கள். ஆகவே மகளிடம் கேட்க வேண்டிய கேள்வி "ஏன் வீட்டுவேலை இல்லை?" என்பது இல்லை, "பிள்ளை சின்னச் சின்னச் சொற்களைக் கூட்டி வாசிக்கிறாளா?" என்பது. வாசிக்கிறாள் என்றால் இலை பொறுக்கட்டும்.

எனக்கு உண்மையில் கவலை பேரனைப் பற்றித்தான். கோபிக்க வேண்டாம். 1999இல் வந்த ஆரம்பக் கல்வி மாற்றம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை மூன்றையும் கலந்துதான் படிப்பிக்க வேண்டும் என்று சொன்ன திட்டம், கீழ் வகுப்புகளில் விளையாட்டுக்குத்தான் கூட இடம். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று பாடத்துக்கே பெயர் வைத்தார்கள். பிறகு என்ன நடந்தது? தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் இழுவையில் மூன்றாவது மட்டும் மிஞ்சியது. வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீங்கள் பட்ட பாட்டை நான் குறைத்துப் பேசவில்லை, பெற்றோர் கேட்டதும் மாதிரி வினாத்தாளைத்தான். இப்போது பேரன் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி என்று எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுவான், அது எந்தப் பக்கத்தில் இருந்து அடிக்கிறது என்று வாசலில் நிறுத்திக் கேட்டால் முழிப்பான். இந்த மாதம் குருமண்வெளியில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி, வாவியைக் கடந்து மண்டூருக்குப் போனால் மாரிப் பாடம் முழுவதும் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது, வெள்ளாமை விதைப்பு நடக்கிறது, எந்த வட்டையில், அதாவது எந்த வயல்வெளியில், முதல் விதைத்தார்கள், மழை பிந்தினால் ஏன் வயற்காரப் போடியார்மார் முகம் கறுக்கிறது, எல்லாம். கூட்டிப்போக ஆள்தான் இல்லை. நவம்பர் 23 வரும்போது 1978 சூறாவளியைச் சொல்லிக்கொடுக்கவும் நீங்கள் இருக்கிறீர்கள். எந்தக் காற்றுக்குத் தென்னை எந்தப் பக்கம் சரிந்தது என்று பார்த்தவர் சொன்னால் பிள்ளை மறக்காது.

இன்னொன்று. பேத்தியின் நாட்டுப் பூர்வகுடிகள் சோளன், போஞ்சி, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் நட்டு மூன்று சகோதரிகள் என்பார்கள். சோளன் தண்டில் போஞ்சி ஏறும், போஞ்சியின் வேர் மண்ணுக்கு நைதரசன் கொடுக்கும், பூசணி இலை நிலத்தை மூடிக் களையை அடக்கும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் சேனைப் பயிர் செய்கிறவர்களுக்கு இதில் என்ன புதினம்? சோளனும் பயிற்றையும் பூசணியும் அங்கே எத்தனை தலைமுறையாகக் கலந்து நிற்கின்றன. ஒரே வித்தியாசம், ஒக்டோபரில் அவர்கள் அறுவடை செய்கிறார்கள், நாம் விதைக்கிறோம். ஆகவே வருகிற சனிக்கிழமை பேரனைக் கூப்பிட்டு, வளவில் தண்ணி நிற்காத மேடாகப் பார்த்து நாலு பூசணி விதை ஊன்றச் சொல்லுங்கள். ஒரு கிழமை பத்து நாளில் முளைக்கும், தை பிறந்து கொஞ்சம் போகக் காய் பிடித்திருக்கும், அவனே நூல் வெட்டிச் சுற்றளவு எடுத்து மச்சாளுக்கு அனுப்பட்டும், அவளுடைய காய் பெரிதா இவனுடையது பெரிதா என்று பார்க்கலாம். சனிக்கிழமை ரியூசன் இருக்கிறது என்று மகன் சொல்வார். ஒருநாள் போகாவிட்டால் குடி முழுகிப்போகாது, கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். அந்தப் பூசணியையாவது கறி வையுங்கள்.

அன்புடன்.