சிறைக்குப் போய் வந்தவரை வேலைக்கு எடுக்கலாமா? எடுத்தவர்களின் அனுபவம் என்ன?

கேள்வியைப் பார்த்தால் உங்கள் கடை வாசலில் ஏற்கெனவே ஒருவன் வேலை கேட்டு நிற்கிறான், வீட்டில் வேண்டாம் என்கிறார்கள், உங்களுக்கோ ஆள் தேவை என்று தோன்றுகிறது. நான் எடுத்தது இரண்டு பேரை. ஒருவன் இருக்கிறான், ஒருவன் ஓடிவிட்டான். அந்தக் கணக்கோடு படியுங்கள்.

கடலூர் முதுநகரில் லேத் பட்டறை, அதாவது மெஷினில் உலோகம் கடையும் பட்டறை வைத்திருக்கிறேன், முக்கால்வாசி போட் வேலை. ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தால் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், விசிறியைச் சுற்றும் ஷாஃப்ட்டை நிமிர்த்த வேண்டும், அதைத் தாங்கும் புஷ் என்ற வளையத்தை மாற்ற வேண்டும், எல்லாருக்கும் நாளைக்கே வேண்டும். அப்படி ஒரு மே மாதம் என் லேத் ஆள் திருப்பூருக்குப் போய்விட்டான். தெருவில் மீன் கொண்டுவரும் பெண், "எங்க தம்பி லேத்து வேல தெரிஞ்சவன்தாண்ணா, ஆனா கேப்பர் மலையிலேருந்து வந்து ரெண்டு மாசந்தான் ஆவுது" என்றார். எங்கள் ஊரில் கேப்பர் மலை என்றால் மத்திய சிறை என்று அர்த்தம். 1918இல் பாரதியாரே எங்கள் ஊர் ஜெயிலில் இருந்தார் என்று பெருமை பேசுகிற ஆள்கள்தான், அங்கிருந்து ஒருவன் வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்து போவார்கள்.

பைக் திருட்டு, பதினாலு மாதம் உள்ளே இருந்திருக்கிறான். திருந்தியிருப்பான் என்று நம்பி எடுத்தேன் என்றெல்லாம் கதை விட மாட்டேன், ஆள் கிடைக்கவில்லை, எடுத்தேன்.

இப்போது எனக்கே அசிங்கமான ஒரு விஷயம். கன்மெட்டல் என்ற செம்புக் கலவையில் புஷ் கடைந்தால் லேத்துக்கு அடியில் துருவல் விழும், சீசனில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கிலோ சேர்ந்துவிடும், பழைய இரும்புக் கடையில் நல்ல விலை. அதற்கு முன்னால் இருந்தவன் எவ்வளவு கொண்டுபோனான் என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. இவன் வந்த பிறகு தினமும் கடை சாத்திவிட்டு, அவன் போனதும் திரும்ப வந்து துருவலை எடைபோட்டுப் பார்ப்பேன். பத்து நாள் இருக்கும், ஒரு சாயங்காலம் டிபன் கேரியரை மறந்துவிட்டேன் என்று அவன் திரும்பி வந்தான். நான் கையில் தராசோடு நிற்கிறேன். ஒன்றும் சொல்லவில்லை, கேரியரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாளிலிருந்து அவனே துருவலைக் கூட்டி, காந்தத்தை விட்டு இரும்புத் தூளைப் பிரித்து, பெயின்ட் டப்பாவில் போட்டு எடை பார்த்து, சுவரில் சாக்பீஸால் தேதியும் கிலோவும் எழுதிவிட்டுத்தான் கை கழுவுவான். "வேண்டாம்டா" என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் எழுதுகிறான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். திருடுவானா மாட்டானா என்பதைவிட உங்களைப் படுத்தப்போவது வாய்தா. ஆகவே வருகிறவனிடம் முதலில் கேட்க வேண்டியது, வேறு கேஸ் நிலுவையில் இருக்கிறதா, கண்டிஷன் பெயிலா, ஸ்டேஷனில் தினமும் கையெழுத்துப் போட வேண்டுமா என்பதுதான். காலையில் பத்தரைக்குக் கையெழுத்து என்றால் பாதி நாள் போச்சு. இவனுக்குப் பண்ருட்டி கோர்ட்டில் இன்னொரு கேஸ் இருக்கிறது. போய்க் காத்திருந்து, அடுத்த தேதி வாங்கிக்கொண்டு வருவான். அந்த நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். பிடித்தால் போக மாட்டான், போகாவிட்டால் பிடிவாரண்ட், அப்புறம் உங்களுக்கு ஆளே இருக்காது. ஊரில் எங்காவது பைக் காணாமல் போனால் ஸ்டேஷனிலிருந்து பட்டறைக்கு வருவார்கள், அதுவும் வாடிக்கையாளர் நிற்கும்போதுதான் வருவார்கள். முதல் தடவை நான் உள்ளே போய் நின்றுகொண்டேன். இரண்டாவது தடவை வேலை ரிஜிஸ்டரைக் காட்டி, அன்றைக்கு ராத்திரி எட்டு வரை இங்கேதான் இருந்தான் என்றேன். அதற்குப் பிறகு வருவது குறைந்தது.

சட்டப்படி தப்பா என்று கேட்பவர்களுக்கு: என்னைப் போன்றவர்கள் இப்படி ஆள் எடுப்பதைத் தடுக்கும் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. செக்யூரிட்டி ஏஜென்சி காவலாளி மாதிரி சில வேலைகளுக்குத் தடை உண்டு, காவலாளி வேலைக்கு 2005ஆம் வருஷச் சட்டத்தில் தண்டனை பெற்றவர்களை வைக்கக் கூடாது என்று இருக்கிறது. அதோடு, ஜெயிலுக்குப் போனவன் எல்லாம் தண்டனை பெற்றவன் கிடையாது. 2022 கணக்குப்படி நாட்டில் சிறையில் இருந்தவர்களில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், தீர்ப்பே ஆகாதவர்கள். ஆனால் கம்பெனி கேட்டில் நிற்கும் காவலாளிக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. சிப்காட்டில் ஒரு கம்பெனி வேலைக்கு இவனைக் கூட்டிப்போனேன், போலீஸ் சான்று இல்லாமல் பாஸ் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வெளியே வேப்பமரத்தடியில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தான்.

ஓடிப்போனவன் கதை சின்னது. அடிதடி கேஸ், ரிமாண்டில் இருந்து வந்தவன், தீபாவளிக்கு எட்டாயிரம் அட்வான்ஸ் வாங்கினான், அப்புறம் போன் ஸ்விட்ச் ஆஃப். இதைச் சொன்னதும் "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்று என் மச்சான் குதித்தார். எட்டாயிரத்துக்கு இவ்வளவு பேச்சு. தடைக்காலத்தில் ராப்பகலாக வேலை வாங்கிவிட்டு, "மொத மீன்பாடு வரட்டும், தந்துடுறேன்" என்று சொல்லிப் போன போட் ஓனர்கள் எனக்குத் தர வேண்டியது இரண்டு லட்சத்தைத் தாண்டும், சிலருடையது நாலு வருஷப் பாக்கி. அவர்கள் வந்தால் நாற்காலி போட்டு டீ வாங்கித் தருகிறோம், முதலாளி என்கிறோம். அவர்கள் மேல் ஒரு எஃப்.ஐ.ஆரும் கிடையாது.

பெண்களிடமும் குழந்தைகளிடமும் தப்பாக நடந்தவனை உங்கள் கடையில் வையுங்கள் என்று நான் சொல்லவில்லை, என் பட்டறையிலும் வைக்க மாட்டேன். "உன் வீட்டில் திருடியிருந்தால் தெரியும்" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு, போன பொங்கலுக்கு நாங்கள் ஊருக்குப் போனபோது வீட்டுச் சாவி அவனிடம்தான் இருந்தது. என் மனைவிக்குத் தெரியாது, தயவுசெய்து யாரும் போட்டுக்கொடுக்க வேண்டாம்.

வியாழக்கிழமை அவனுக்குப் பண்ருட்டியில் வாய்தா. இரண்டு புஷ் கடைய வேண்டியிருக்கிறது, நான்தான் லேத்தில் நிற்க வேண்டும். கேள்வி இருந்தால் எழுதிப் போடுங்கள், ராத்திரி பார்க்கிறேன்.