கூலிங் டவர் வெப்பமும் சூரிய மின்சாரமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மந்தாரக்குப்பத்தில் இருக்கிறேன். மாடியில் நின்றால் நெய்வேலி கூலிங் டவர்களிலிருந்து ஆவி கிளம்புவது தெரியும். நிலக்கரியை எரித்த வெப்பத்தில் பாதி இப்படிக் காற்றில்தான் போகிறது என்கிறார்கள். அதைச் சூரிய மின்சாரத்தோடு சேர்த்து உற்பத்தியைக் கூட்ட முடியாதா? எங்காவது செய்து பார்த்திருக்கிறார்களா?

வாசகர், மந்தாரக்குப்பம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. எரித்த வெப்பத்தில் 100க்கு 35 பங்கு மின்சாரமானாலே பெரிது. ஏறத்தாழ பாதி, டர்பைனைச் சுழற்றி வந்த நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கும் கண்டன்சர் வழியாகக் கூலிங் டவருக்குப் போகிறது. ஆனால் அங்கே வரும் தண்ணீரின் சூடு 40 டிகிரி சொச்சம்தான். ஓர் அண்டா வெந்நீரில் இருக்கும் வெப்பம், அடுப்பில் கொதிக்கிற ஒரு டம்ளர் தண்ணீரில் இருப்பதைவிடப் பல மடங்கு. ஆனாலும் அந்த அண்டாவை வைத்துக்கொண்டு ஓர் இட்லி அவிக்க முடியாது. இந்த விஷயத்தில் சிக்கல் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

மாடியில் வைக்கிற பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. சித்திரை மதியத்தில் எங்கள் வீட்டுப் பேனலின் அடியில் கை வைத்தால் வைத்த வேகத்தில் எடுத்துவிட வேண்டும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.4 சதவீதம் அளவுக்கு இறங்கும். பேனல் 65 டிகிரியைத் தொட்டால் 15 சதவீதம் போச்சு.

வெப்பத்தால் ஓடும் சூரிய நிலையம் வேறு வகை. ஸ்பெயினில் மன்சனாரஸ் என்ற ஊரில் ஜெர்மன் பொறியாளர் யோர்க் ஷ்லைக் 1982இல் ஒன்றைக் கட்டி முடித்தார். தரைக்கு மேல் சுமார் 46,000 சதுர மீட்டருக்குக் கூரை, நடுவில் 195 மீட்டர் உயரத்துக்கு மெல்லிய தகட்டுப் புகைபோக்கி. கூரைக்கடியில் சூடான காற்று புகைபோக்கிக்குள் ஏறும்போது டர்பைனைச் சுழற்றும். கிடைத்தது 50 கிலோவாட். கூரைமீது விழும் உச்சி வெயிலோ 46 மெகாவாட் அளவு. ஆயிரத்தில் ஒரு பங்குதான் தேறியது. 1989இல், புகைபோக்கியைப் பிடித்திருந்த இழுகம்பிகள் துருப்பிடித்து, அது புயலில் சாய்ந்துவிட்டது.

அனல்மின் நிலையத்தின் கழிவு வெப்பத்தை இந்தக் கூரைக்கடியில் விட்டால் இரவிலும் ஓடுமே என்ற யோசனை உண்டு. ஓடும், சந்தேகமில்லை. ஆனால் அந்த உயரத்துப் புகைபோக்கி, இயற்பியல் விதிப்படியே, வெப்பத்தில் 0.65 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாற்ற முடியாது. 210 மெகாவாட் அலகு ஒன்று 300 மெகாவாட் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது என்று வையுங்கள். அத்தனையையும் கொடுத்தாலும் 2 மெகாவாட்கூடத் தேறாது. அதற்காக ஒரு கோபுரம் எழுப்புவது வீண் செலவு என்றே நினைக்கிறேன்.

சரியாகப் பொருந்தியது வேறு இடத்தில். அல்ஜீரியாவின் ஹாஸி ர்மெல் எரிவாயு வயலருகே 2011இல் திறந்த 150 மெகாவாட் நிலையத்தில், எரிவாயு டர்பைனின் வெளியேறு காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாக வருகிறது. அதைக் கொண்டு நீராவி ஆக்குகிறார்கள். பாலைவனத்தில் வரிசையாக நிற்கும் வளைந்த கண்ணாடிகள் எண்ணெயை 390 டிகிரி வரை சூடேற்றி, அந்த நீராவியோடு தங்கள் பங்கையும் சேர்க்கின்றன. இரண்டுக்கும் ஒரே நீராவி டர்பைன். சூரியனுக்கென்று தனியாக ஒன்று வாங்க வேண்டியதில்லை. இன்னொரு அழகு: மதிய வெக்கையில் காற்று லேசாகி எரிவாயு டர்பைன் தொய்யும், கண்ணாடிகள் மும்முரமாக இருப்பதும் அந்நேரத்தில்தான். எகிப்தின் குரைமாத்தில் உள்ள 140 மெகாவாட் நிலையமும் இதே ஏற்பாடுதான். ஆனால் இரண்டிலும் சூரியனின் பங்கு சிறிது. 20 மெகாவாட்டை ஒட்டித்தான். அப்புறம் பேனல் விலை சரிந்ததும் புதிதாகக் கட்டுவோர் பேனல் பக்கம் போய்விட்டார்கள்.

அப்படியானால் அண்டா வெந்நீரை என்ன செய்வது? நம் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2009இல் வடசென்னை அனல்மின் நிலையத்தில் ஒரு வழி காட்டியது. கண்டன்சரிலிருந்து கடலுக்குத் திரும்பும் வெதுவெதுப்பான உப்புநீரை வெற்றிடத் தொட்டிக்குள் விட்டால், காற்றழுத்தம் குறைந்திருப்பதால் அந்தச் சூட்டிலேயே ஒரு பகுதி ஆவியாகும். அந்த ஆவியைக் குளிரவைத்தால் நல்ல தண்ணீர். கடலோர அனல்மின் நிலையங்களை ஒட்டிப் பேனல் வைப்பவர்கள், உப்பும் தூசியும் படிந்த பேனலைக் கழுவ இந்தத் தண்ணீரைக் கேட்டு வாங்கலாம். நீங்கள் கேட்ட கூடுதல் மின்சாரம் அந்த வழியில் கிடைக்கும்.