கும்பிட்டும் கஷ்டம் தீரவில்லை என்றால் எப்படிப் பொறுமையாக இருப்பது?

வேலை போய் ஆறு மாதம், தினமும் கோயிலுக்குப் போகிறேன், சாமி கண் திறக்கவில்லை, கோபம் வருகிறது, இது பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாவமே இல்லை. அப்பருக்குச் சூலை நோய் வந்து வயிறு முறுக்கியபோது திருவதிகையில் அவர் பாடிய முதல் பதிகத்தைப் பாருங்கள், வலி தாங்க முடியவில்லை, ஏன் இதை விலக்க மாட்டேன் என்கிறாய் என்று சிவனிடம் நேராக முறையிடுகிறார். பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று யாரோ நமக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கும் வேலை போனது. சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயிலில் நின்று அம்மாவிடம் சண்டை போடுவது போலவே பேசியிருக்கிறேன் (பக்கத்தில் நின்றவர் ஒரு மாதிரி பார்த்தார், பரவாயில்லை). வேலை உடனே கிடைக்கவில்லை, ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வந்தது.

தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை காவடி எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், அவர்கள் கூடவே சொந்தக்காரர்கள் தண்ணீரோடு நடந்து வருவார்கள். நீங்களும் தனியாகச் சுமக்காதீர்கள், வீட்டில் சொல்லுங்கள், அப்புறம் கூச்சப்படாமல் இங்குள்ள இந்தியர்களுக்கு உதவும் சிண்டா அமைப்புக்கு ஒரு போன் போடுங்கள்.